கார் சாவி போடும் மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டனை அமுக்கினால் ஓடும் புதுக் கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், மழையில் நனையாமல் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரி. அதே கதவை அடுத்தவன் எப்படித் திறப்பான் என்பதற்கும் ஒரு பாரா ஒதுக்கியிருக்கலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருநெல்வேலி டவுனில் சாவி போடுகிறவன். அப்பா காலத்தில் டிரங்குப் பெட்டி, பீரோ, சைக்கிள் பூட்டு என்று வேலை வரும். அரமும் கையும்தான் முதலீடு. இப்போது வருவதில் பாதிக்கு மேல் காரும் பைக்கும். அரம் டிராயருக்குள் கிடக்கிறது. மேஜை மேல் டேப்லெட் மாதிரி ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த மெஷினைப் பற்றித்தான். ஆனாலும் முதலில் சாவியைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வருவது புரியும்.

ஸ்மார்ட் கீயைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரி மாற்ற வருகிறவர்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளினால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி ஒன்று உருவி வரும். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே பலருக்கு என் கடையில்தான் தெரியும். அது இருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கொடுத்து லேசாகத் திருப்பினால் மூடி இரண்டாகப் பிரிந்துவிடும். சிஆர் 2032 பேட்டரி, அதன் கீழே போர்டு. போர்டின் ஓரத்தில் கறுப்பாக, சதுரமாக ஒரு சின்னக் கட்டி இருக்கும். அதற்குள் திசைக்கு ஒன்றாக மூன்று செப்புச் சுருள்கள். கார் கூப்பிடுவதைக் கேட்பது அவைதான்.

நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கும். ஓரிரு மீட்டருக்கு மேல் அது எட்டாது. சாவி பக்கத்தில் இருந்தால் விழித்துக்கொண்டு 433 மெகா ஹெர்ட்ஸில் பதில் சொல்லும். இந்தப் பதில் நன்றாகவே தூரம் போகும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும், பட்டனுக்கு இன்ஜின் ஓடும். கேள்வி ஒவ்வொரு தடவையும் மாறும், பதிலும் கூடவே மாறும். அதனால் ஒருநாள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துவைத்து மறுநாள் போட்டுக் காட்டி ஏமாற்ற முடியாது. இதை வைத்துத்தான் ஷோரூம் பையன்கள் "உடைக்கவே முடியாத கோடு சார்" என்கிறார்கள்.

உடைக்கத் தேவையே இல்லை. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே போய்வருகிற தரகரைப் போல இரண்டு கருவிகள் இருந்தால் போதும். ஒருவன் ஒன்றை வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்பான். இன்னொருவன் மற்றதோடு, சாவி இருக்கும் சுவருக்கு வெளியே நிற்பான். கார் கேட்பதை இந்தக் கருவி வாங்கி அந்தக் கருவிக்கு அனுப்பும். அது சாவிக்குக் கேட்கிற மாதிரி திருப்பிச் சொல்லும். பேசுவது என்ன பாஷை என்று தரகருக்குத் தெரிய வேண்டாம், வார்த்தை மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் காரியம் முடிந்தது. காருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துச் சாவி பதில் சொல்லிவிடும்.

இது நேற்று முளைத்த சங்கதி இல்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து இடிஹெச் பல்கலைக்கழகத்தில் 2011-லேயே 8 கம்பெனிகளின் 10 மாடல்களைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்தும் திறந்தன. ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் அதன்பிறகு நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்திருக்கிறது; பெரும்பாலானவற்றின் கதி அதுவே. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் ஒரு கேமராப் பதிவை வெளியிட்டது. வீட்டு வாசலில் ஒரு பென்ஸ். ஒருவன் வீட்டுச் சுவரோரமாகக் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். இன்னொருவன் கார்க் கதவருகே. ஏறக்குறைய ஒரு நிமிடம், வண்டி போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் கத்தவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த என் மகள்தான் இதையெல்லாம் தேடிப் படித்துச் சொன்னாள். அந்த வீடியோவைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியாயிற்று.

ஒருமுறை இன்ஜின் ஓடிவிட்டால் அப்புறம் சாவி வேண்டாம். "சாவி இல்லை" என்று டாஷ்போர்டில் எழுத்து வரும், பீப் அடிக்கும், ஆனால் வண்டி நிற்காது. நாலு வழிச் சாலையில் திடீரென்று நின்றால் பின்னால் வருகிற லாரி ஏறிவிடும் என்பதால் கம்பெனிகள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கின்றன. அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் டவுனில் கிளப்பிய வண்டியை டீசல் தீர்கிறவரை ஓட்டலாம் என்பதும் அதே ஏற்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர் வீடுகளைப் பாருங்கள். டவுன் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் சரி, கல்லிடைக்குறிச்சிப் பழைய தெருக்களிலும் சரி, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், வாசற்படி இறங்கினால் தெரு, கார் நிற்பதும் அந்தத் தெருவில்தான். சாவி எங்கே? தார்சாவில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில். காருக்கும் சாவிக்கும் நடுவே பத்தடி, மிஞ்சிப்போனால் இருபதடி. பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் ஷெட்டும் கேட்டும் வைத்துக் கட்டினவர்கள் கொஞ்சம் பாக்கியசாலிகள்; அங்கேயும் இரண்டாவது கார் வெளியேதான் நிற்கிறது. வெளியூர் போகும்போது நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் சாலையோர ஹோட்டலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்காருகிறோம். பக்கத்து மேஜைக்காரன் காலடியில் இருக்கும் பையில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

இதற்கு மருந்து மலிவுதான். சிக்னலைத் தடுக்கும் பை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கியதும் சாவியை அதில் போட்டு மூடி, கதவை ஒட்டி நின்று கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். கதவு திறந்தால் பையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிலர் எவர்சில்வர் டப்பாவில் போடுகிறார்கள். சில டப்பா தடுக்கும், சிலது தடுக்காது, மூடி சரியாக உட்காராதது வீண். அதற்கும் அதே கைப்பிடிச் சோதனைதான். மேஜை டிராயரில் தூங்குவதாக நீங்கள் நினைக்கும் ஸ்பேர் சாவியையும் சேர்த்துப் போடுங்கள், அதுவும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. சில கார்களில் இந்த வசதியையே நிறுத்திவைக்கலாம். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தானே அடங்கிவிடும் சாவிகளும் வந்திருக்கின்றன. உங்கள் மாடலில் எது உண்டு என்று ஷோரூமில் கேளுங்கள். கேட்கிற ஆள் வந்தால்தான் அவர்களும் மேனுவலைப் புரட்டுவார்கள். விலை கூடிய சில கார்களில் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறை இருக்கிறது. பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்று அளந்து, சாவி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று அது கண்டுபிடித்துவிடும். ரேடியோ அலை ஒரு நானோ செகண்டில் போவது 30 சென்டிமீட்டர்தான். நடுவில் தரகர் புகுந்தால் அந்தத் தாமதமே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாக் காருக்கும் அது வருகிறவரை ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். (நான் அதை விற்பதில்லை.)

பழைய இரும்புச் சாவியே மேல் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாதிக்கிற பெரியவர்கள் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் பதிவான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர் சிப் இல்லாமல் விற்ற சாதாச் சாவி மாடல்களை விடலைப் பையன்கள் 2021, 2022-ல் யுஎஸ்பி ஒயர் முனையால் திருகி ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் 2023 பிப்ரவரியில் 83 லட்சம் வண்டிகளுக்கு இலவசமாக சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சிப் வேண்டும். அந்தச் சிப்பில் யார் கை வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

இனி மெஷின். டிரைவர் முழங்காலுக்கு மேலே, ஸ்டியரிங் அடியில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்போம். ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கோளாறு பார்க்க ஒயரைச் செருகுவது அங்கேதான், நான் செருகுவதும் அங்கேதான். மாடலையும் வருஷத்தையும் தேர்ந்தெடுத்தால், காரில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று காட்டும். புதுச் சாவியைச் சேர்க்கலாம், பழையதை அழிக்கலாம். "எல்லாச் சாவியும் தொலைந்தது" என்றே தனியாக ஒரு மெனு உண்டு. திருச்செந்தூர்க் கடலிலும் பாபநாசம் ஆற்றிலும் சாவியை விட்டுவிட்டு ஈரத்துணியோடு போன் செய்கிறவர்களுக்கு அந்த மெனுதான் குலதெய்வம். கம்பெனியில் கேட்டால் சாவி வர நாளாகும், சில மாடலுக்கு விலை பத்தாயிரத்தைத் தாண்டும். நாங்கள் அன்றைக்கே ஓட்டி அனுப்புவோம்.

திருடனுக்கும் அதே மெனுதான். டெல்லியில் பிடிபட்ட கார் திருட்டுக் கும்பல்கள் பலவற்றிடம் போலீஸ் எடுத்தது இந்த மாதிரி மெஷினும் வெற்றுச் சாவிகளும்தான். பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைவான், ஓபிடியில் செருகுவான், கையிலுள்ள வெற்றுச் சாவியைக் காரில் பதிவு செய்துகொண்டு ஓட்டிப் போவான். நிமிடங்களில் முடிகிற வேலை. உங்கள் சாவி பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த டப்பாவில் பூட்டி வைத்தாலும் பிரயோஜனமில்லை.

இந்த மெஷினை நான் வாங்கியபோது என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பணம் கட்டினேன், கூரியரில் வந்தது. கடை உண்டா, எங்கே இருக்கிறது, போட்டோ, அடையாள அட்டை, ஒன்றும் கிடையாது. கடைக்கு மாநகராட்சித் தொழில் உரிமம் வைத்திருக்கிறேன்; ஆனால் அது டீக்கடைக்கும் உள்ளதுதானே. காஸ் சிலிண்டரை வாசலில் இறக்கவே ஓடிபி கேட்கிற காலத்தில், இருபது லட்சம் ரூபாய்க் காருக்குப் புதுச் சாவி போட எந்தக் கேள்வியும் இல்லை.

போன கார்த்திகைக்குக் கொஞ்சம் முந்தி, கடை அடைக்கிற நேரம், ஒரு வெள்ளை எஸ்யூவியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். முப்பது வயசு இருக்கும் ஒரு தம்பி இறங்கினார். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. "அண்ணாச்சி, ரெண்டு சாவியும் தொலைஞ்சி போச்சி. இன்னைக்கே போட்டுத் தாங்க."

"ஆர்சியக் காட்டுங்க தம்பி."

"வீட்ல இருக்கு அண்ணாச்சி. வண்டி மாமா பேர்லல்லா இருக்கு."

"அப்பம் மாமாவுக்கு ஒரு போனப் போடுங்க. டிஜிலாக்கர்ல எடுத்து அனுப்பச் சொல்லுங்க, போதும்."

"மாமா துபாய்ல இருக்காவ. இப்பம் எடுக்க மாட்டாவ."

அவர் பேசப் பேச நான் டார்ச் அடித்து வண்டியைச் சுற்றி வந்தேன். கார்க் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை இருக்கும். மூன்று கதவில் ஒரே முத்திரை. இடது பக்கப் பின் கதவில் மட்டும் வேறு முத்திரை, ரப்பர் பீடிங்கும் புதுக் கறுப்பு. கண்ணாடி மாற்றியதாலேயே திருட்டு வண்டி ஆகிவிடாது, கிரிக்கெட் பந்து பட்டும் உடையும். "காலைல ஆர்சியோட வாங்க தம்பி, முதல் வேலையா உங்களுதப் பார்த்திருதேன்" என்றேன். "என்ன அண்ணாச்சி, நம்ம மேல நம்பிக்க இல்லியா?" என்று சிரித்தார். அப்புறம் கூலியை இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான். அவசரக்காரன் பேரம் பேசுவான், கெஞ்சுவான், கோபப்படுவான். கேட்காமலேயே கூலியை ஏற்ற மாட்டான்.

காலையில் அவர் வரவில்லை. வண்டி நம்பரை எழுதிவைத்திருந்தேன், தெரிந்த ஏட்டையா ஒருவரிடம் கொடுத்தேன். "இந்த நம்பர்ல புகார் ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி" என்றார். அவர் மேல் தப்பில்லை. இதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவார்? அந்தத் தம்பி யோக்கியமானவராகவே இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரியே வேறு எந்த ஊரிலாவது ஒரு கடையில் சாவி போட்டிருப்பார்.

என் மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. வண்டி நம்பர், சேஸி நம்பர், ஆர்சியில் உள்ள பெயர், வந்தவரின் அடையாள அட்டை, எத்தனை சாவி சேர்த்தேன், எத்தனை அழித்தேன், கையெழுத்து. நானாக வைத்துக்கொண்ட நோட்டு. இதனால் எனக்கு வியாபாரம் குறைகிறது. "பக்கத்துக் கடையில இதெல்லாம் கேக்கலியே" என்று எழுந்து போகிறார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே விதி என்றால் எங்கே போவார்கள்?

விதி செய்வது பெரிய காரியமுமில்லை. பழைய இரும்புக் கடை, பழைய பொருள் வியாபாரம், ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப், டிங்கர் பட்டறை இவற்றுக்கெல்லாம் லைசென்ஸ் என்று தமிழ்நாட்டில் 1985-லேயே ஒரு சட்டம் வந்தது. திருட்டு வண்டி கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும் என்று அப்போது யோசித்திருப்பார்கள். இன்றைக்கு அது முதலில் வந்து நிற்கக்கூடிய இடம் எங்கள் கடை. அந்தச் சட்டத்தில் எங்களையும் சேர்க்கட்டும். மெஷினின் சீரியல் நம்பரைக் கடை பெயரில் பதியட்டும். விற்கிறவன் லைசென்ஸ் நம்பரைக் கேட்டுவிட்டு விற்கட்டும். வாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி உரிமையாளரின் செல்போன் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. சாவி சேர்க்குமுன் அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி போனால் துபாய் மாமாவுக்கும் தெரிந்துவிடும்.

பிரிட்டனில் 2025-ல் கொண்டுவந்த மசோதா வேறு வழியில் போனது. கார் திருட உதவும் எலக்ட்ரானிக் கருவிகளைச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையில் வைத்திருப்பதே குற்றம், 5 ஆண்டு வரை சிறை. நியாயமான காரணத்துக்குத்தான் வைத்திருக்கிறோம் என்பதை வைத்திருப்பவன்தான் காட்ட வேண்டும். அப்படியே இங்கே எடுத்துவந்தால் முதலில் உள்ளே போவது என்னைப் போல போர்டு மாட்டிக் கடை நடத்துகிறவன்தான். திருடன் போர்டு மாட்டுவதில்லை. அதனால் தடை வேண்டாம், பதிவு போதும் என்கிறேன். கார்க் கம்பெனிகள் சில, தங்கள் சர்வர் அனுமதித்தால்தான் சாவி சேரும் என்று பூட்டுப் போட்டிருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் லைசென்ஸ் உள்ள வெளிக்கடைக்கும் அந்த அனுமதி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த நல்ல சாவிக் கடையிலாவது மெஷினைப் போட்டு எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் இரண்டு இருக்கும்போது மெஷின் மூன்று என்று காட்டினால், மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. பழைய உரிமையாளரிடமோ, புரோக்கரிடமோ, அதை வாடகைக்கு ஓட்டினவரிடமோ. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் இரண்டை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்கிறார்கள், இதைப் பார்க்கச் சொல்லி வருகிறவர் அபூர்வம்.

இன்சூரன்ஸ் பற்றியும் இரண்டு வரி. கார் போய்விட்டால் அவர்கள் முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான். ஒன்று தொலைந்து வெளியே போட்டிருந்தால் அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில் தராத கடையில் போடாதீர்கள். போலீசில் உடனே புகார் கொடுத்து எப்ஐஆர் போட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் முதலில் ஸ்டேஷன், அப்புறம் ஏஜென்ட்.

என் பெயரும் கடை முகவரியும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். விசாரித்துக்கொள்ளலாம், அச்சில் மட்டும் வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்கு வேண்டியவர்கள் நிறையப் பேர், அவர்களில் நோட்டு வைத்திருக்கிறவர்கள் சிலர்தான். மாநகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் என் மெஷினையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, எது எப்படி நடக்கிறது என்று செய்தே காட்டத் தயார்.

இப்படிக்கு,
ஒரு சாவிக் கடைக்காரன்,
திருநெல்வேலி டவுன்.